அடிச்சத்தம்

எல்லாரும் கைதட்டினார்கள். ஜானட்டுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது அந்தக் கைதட்டலைக் கேட்டுத்தான்.

கொடியேற்றத்தன்று சாயங்காலப் பூசை முடிந்ததும், திருவிழாவில் வாசிக்கப்போகும் வாத்தியங்களைக் கோயில் முகப்பில் வரிசையாக வைத்து மந்திரிப்பது அந்தப் பங்கில் வழக்கம். ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் புதிதாக எது வந்தாலும், படகானாலும் ஆட்டோவானாலும் வாஷிங் மெஷினானாலும், சாமியார் தீர்த்தம் தெளித்தால்தான் அது வீட்டுச் சாமான். ஆம்ப்ளிஃபயர் மேல் தண்ணீர் படாமலிருக்க, டிரம்ஸ் வாசிக்கும் யேசுதாஸ் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்படி அவன் நின்றுகொண்டிருந்தபோதுதான் ஜானட்டின் புருஷன் ஆண்ட்ரூ மைக்கைக் கையில் எடுத்தான்.

"இன்னிக்கி எங்க கல்யாண நாளு. பேண்டு ஆரம்பிச்சதுலேர்ந்து என் பக்கத்துல நிக்கிற ஜானட்டுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று சொல்லி ஒரு பையின் ஜிப்பை இழுத்தான்.

உள்ளே ஒரு பேஸ் கிட்டார். ரத்தச் சிவப்பு, கண்ணாடி போலப் பளபளப்பு, தங்க நிறத்தில் குமிழ்கள். யாருடையதோ என்றுதான் ஜானட் முதலில் பார்த்தாள். கழுத்துப் பக்கம் பழைய தழும்பு ஒன்று பெயின்ட்டுக்கு அடியில் லேசாகத் தெரிந்தது. அவளுடையதேதான். கேபிள் செருகும் ஜாக் லூசாக இருக்கிறது, ரிப்பேர் கடை ஒவைஸிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று ஆண்ட்ரூ அதை எடுத்துப் போய்ப் பல நாளாகியிருந்தது.

சாமியார் சிரித்தார். கன்னியாஸ்திரிகள் சிரித்தார்கள். ஃபோன்கள் மேலே எழும்பின. ஜானட் அவன் காதருகே போய், "கம்பி எங்கய்யா?" என்றாள்.

"எந்தக் கம்பி?"

"என் பழைய கம்பி."

"அத்த எவன் வெச்சிகினு இருப்பான்? துருப்புடிச்ச கம்பி. ஒவைஸ் கட்டர் போட்டு வெட்டிக் கடாசிட்டான். புதுசு போட்டுக்கீது பாரு, இம்போர்ட்டட். பிக்கப்பும் புதுசு. ஃபுல் அப்கிரேடு ஜானு!"

சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஜானட் சிலுவை போட்டுக்கொண்டாள். வாயைத் திறந்தால் கோயில் வாசலில் என்ன வந்து விழும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

இந்த இடத்தில் ஆண்ட்ரூவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் வேலை. கையில் கிட்டார், வாயில் அப்கிரேடு. அவன் காலடியில் ஒரு பலகை நிறைய, கிட்டார் சத்தத்தை மாற்றும் பெடல்கள் கிடக்கும். ஒன்று எதிரொலிக்கு, ஒன்று கரகரப்புக்கு, ஒன்று எதற்கென்று அவனுக்கே தெரியாது. ஸ்டேஜ் ஏறினால் அத்தனையும் கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி மினுக்கும். வெளிநாட்டுக்காரன் எவனோ யூடியூபில் புது பெடலை மிதித்துக் காட்டினால் இவனுக்குத் தூக்கம் போய்விடும். அதை வாங்கிவிட்டால், பாட்டு நடுவே தான் தனியாக வாசிக்கும் லீடும் அப்படியே ஆகிவிடும் என்று மனதார நம்புகிறவன். நம்பட்டும். அவன் சாமான், அவன் பாடு. ஜானட் அதில் ஒருநாளும் மூக்கை நுழைத்ததில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பேஸ். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் விட்டுப்போன ஜப்பான் சரக்கு. கை உரசும் இடத்தில் பெயின்ட் போய் மரம் தெரியும். அதில் அவள் மாட்டியிருந்தது வழவழவென்று தட்டையாகச் சுற்றிய கம்பி. சாதாரணக் கம்பி போலக் கணீரென்று ஒலிக்காது. பழசாகப் பழசாகத்தான் அதற்கு ருசி. கடற்காற்று மற்றவர்கள் கம்பியையெல்லாம் ஒரே மாசத்தில் தின்றுவிடும் ஊரில், ஒவ்வொரு தடவை வாசித்து முடித்ததும் பனியன் துணியால் துடைத்துத் துடைத்து, வருஷக்கணக்கில் அதை மாற்றாமல் காப்பாற்றி வைத்திருந்தாள். தொட்டால் 'தும்' என்று ஒரு மொண்ணைச் சத்தம் வரும். காதுக்குப் போகாது, நேராக நெஞ்சுக்குப் போகும்.

பாட்டு என்றால் அவளுக்கு அதுதான். டீக்கடை ரேடியோவில் பழைய சினிமாப் பாட்டு ஓடினால் மற்றவர்கள் வரியை முணுமுணுப்பார்கள். ஜானட் அடியில் ஓடுகிற பேஸை முணுமுணுப்பாள். பாடியவர் பெயரைக் கேட்டால் முழிப்பாள். எந்த இடத்தில் பேஸ்காரர் ஒரு சுரம் தாமதமாக வந்து ஆளைக் கிறங்கடித்தார் என்று கேளுங்கள், சொல்வாள்.

அந்தச் சத்தத்தைத்தான் கட்டர் போட்டு வெட்டிக் கடாசியிருந்தார்கள். அதற்குத்தான் கைதட்டல்.

வீட்டுக்கு வந்தும் கோபத்தைக் காட்ட வழியில்லை. மாமியார் பிலோமி, பார்க்கிறவர்களிடமெல்லாம் மகனின் பெருமையை அளந்துகொண்டிருந்தாள்.

"எம்புள்ள மாரி எவன்மே செய்வான்? உன் மாமனாரு எனுக்கு ஒரு ரப்பர் வளையலு வாங்கியாந்தது கெடையாது. நீ இன்னாடான்னா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற."

"எனுக்கு அந்தப் பழைய பேஸு புடிக்கும் அத்த."

"பழசு புடிக்குதாம்! நல்லா சொன்ன போ."

அதற்கு மேல் என்ன பேச? அடித்தான் என்றால் நாலு பேர் நியாயம் கேட்பார்கள். குடித்தான் என்றால் சாமியாரிடம் சொல்லலாம். பரிசு கொடுத்தான் என்று எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பது? ஜானட் அந்தச் சிவப்புச் சனியனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

மறுநாள் ஆறின மனதோடு எடுத்து வாசித்துப் பார்த்தாள். புதுசு பழகக் கொஞ்ச நாளாகும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். மேல் கம்பிகள் கணீரென்று பேசின. அடிக்கம்பியை இழுத்தால் நகம் படுகிற டிக் சத்தம் மட்டும் வந்தது; அதற்குப் பின்னால் வர வேண்டிய கனம் வரவில்லை. வீட்டு ஆம்ப் சின்னது, அதனால்தான் என்று நினைத்தாள். கேபிளை மாற்றினாள். டோன் குமிழை முழுக்கத் திருப்பினாள். எதற்கும் அசையவில்லை.

அன்று சாயங்காலம் பங்கு மன்றத்தில் ஒத்திகை. அங்கே பெரிய ஆம்ப், ஆளுயரம். அதிலும் அதே கதை. பாட்டு பாதி ஓடும்போது யேசுதாஸ் குச்சியை நிறுத்தினான்.

"யக்கா, வாசிக்கிறியா, சும்மா நிக்கிறியா? எனுக்கு ஒண்ணுமே வரல. நான் யாரப் புடிச்சிகினு போவேன்?"

"நான் வாசிச்சிகினுதாண்டா கீறேன்."

"இப்பதான்டா கிளியரா கீது" என்றான் ஆண்ட்ரூ. "முன்னெல்லாம் ஒரே கொழகொழன்னு இருக்கும். இப்ப ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்குது. அப்கிரேடுன்னா சும்மாவா?"

அவன் முகத்தில் ஒரு திருப்தி. புதுச் சட்டை போட்ட திருப்தி அல்ல. வெகுநாள் பல்வலி விட்டவன் முகம் மாதிரி இருந்தது. ஜானட் அதைப் பார்த்தாள்.

அவள் வேலை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், ஒரு யார்டின் எடைமேடையில். லாரி ஏறும், திரையில் நம்பர் வரும், சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். எடையைக் குறைத்துக் காட்ட ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே வைத்து நிறுத்துகிற டிரைவர்களைத் தினமும் பார்க்கிறவள். லாரி மேடையில் ஏறும்போது தான் உட்காரும் கேபினின் தரை அதிர்வதை வைத்தே இது முழு லோடா, அரை லோடா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் கையிலிருக்கிற கம்பியில் எடை குறைவது தெரியாதா? கம்பி புதுசானால் சத்தத்தின் குணம் மாறும். அடிச்சத்தம் மொத்தமாக ஓடிப்போகாது. யாரோ சக்கரத்தை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியிலேயே பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் ஒவைஸ் கடைக்குப் போனாள். கல்யாண மண்டப ஆம்ப்ளிஃபயரிலிருந்து பள்ளிவாசல் ஸ்பீக்கர் வரை பழுது பார்க்கிறவன். ஈயம் உருகும் வாடைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன் அவளைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"வாக்கா, குந்து. காது இப்ப எப்டிக்கா கீது?"

"என் காதுக்கு இன்னா?"

"வலி கொறஞ்சிச்சா?"

"எனுக்கு இன்னாத்துக்குடா காது வலிக்குது?"

ஒவைஸ் முகத்தில் குழப்பம். கையிலிருந்த சால்டரிங் ராடைத் தாங்கியில் வைத்தான்.

"அண்ணந்தான் சொன்னாரு. உனுக்குக் காதுல கோளாறாம். அடிச்சத்தம் கேட்டா உள்ள இடிக்குதாம், டாக்டரு பேஸு வாசிக்கவே கூடாதுன்னுட்டாராம். நீ வாசிக்காம இருக்க மாட்டேன்னு அழுவுறியாம். அதுக்கோசரம் உள்ளார ஒரு கண்டென்சர் வெச்சி அடிச்சத்தத்த தடுத்துடு, அக்கா கேட்டா சொல்லாத, மனசு ஒடிஞ்சிடும்னாரு. எனுக்கே பேஜாராயிட்ச்சிக்கா. ஆஃபியாவாண்ட சொல்லி உனுக்காக துவா செய்யச் சொன்னேன்."

ஆஃபியா அவன் பெண்டாட்டி. முன்பின் பேசியிராத ஒருத்தி, இல்லாத காது வலிக்காகத் தொழுகைப் பாயில் உட்கார்ந்து ஜானட்டுக்காகக் கையேந்தியிருக்கிறாள். ஜானட்டுக்கு அந்த நிமிஷம் கடையிலிருந்த ஆம்ப் ஒன்றைத் தூக்கிக் கல்மண்டபம் ரோட்டில் வீசலாம் போலிருந்தது. வீசவில்லை. ஒவைஸ் என்ன செய்வான்?

"என் காது நல்லா கீதுடா ஒவைஸ். தொறந்து அத்த எடு."

ஒவைஸுக்கு விஷயம் விளங்கியபோது முகம் கறுத்துவிட்டது. பின்மூடியைக் கழற்றினான். ஜாக்குக்குப் போகிற ஒயரை வெட்டி நடுவில் ஒரு கண்டென்சர், மிளகு சைஸில். அதை எடுத்துவிட்டு ஒயரை நேராகப் பற்றவைத்தான். ஆம்பில் செருகி அவள் அடிக்கம்பியைத் தொட்டதும் அலமாரியில் இருந்த ஸ்க்ரூ டப்பாக்கள் கிடுகிடுத்தன. பழைய மொண்ணைச் சத்தம் இல்லைதான், அது போனது போனதுதான். ஆனால் கனம் திரும்பி வந்திருந்தது.

"மன்னிச்சிக்கோக்கா. கம்பியையும் நான்தான் வெட்டினேன். வாயத் தொறந்து உன்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"நீ கேக்கணும்னு இன்னாடா கீது? கேக்க வேண்டியவன் கேக்கல" என்று சொல்லிவிட்டு, அந்த மிளகை ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு எடைமேடைக்கு வந்த டிரைவர்களில் ஒருத்தன்கூட அவளிடம் திட்டு வாங்காமல் போகவில்லை.

வேலை விட்டு வீட்டுக்கு வந்தபோது பிலோமி வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே ஆண்ட்ரூ தரையில் உட்கார்ந்து பெடல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜானட் காகிதத்தைப் பிரித்து, மினுங்கும் பெடல் ஒன்றின் தலையில் அந்தக் கண்டென்சரை வைத்தாள்.

"இன்னாது இது?"

"என் காது வலிக்கு மருந்தாம். ஒவைஸ் குட்த்தான்."

ஆண்ட்ரூ துணியைக் கீழே வைத்தான். சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு கண்டென்சருக்கு இம்மாம் சீனு போடாத ஜானு. பேண்டு சவுண்டு நல்லா வரணும்னுதான் செஞ்சேன்."

"எனுக்கு வியாதின்னு ஊருல சொல்லிக்கினு திரியிறது பேண்டு சவுண்டாய்யா? கோயில் வாசல்ல நிக்க வெச்சி, எல்லாரையும் கைதட்ட வெச்சி, சாமியாரு கையால தீர்த்தம் தெளிக்க வெச்சி, உள்ளார இத்த வெச்சி குட்த்தியே. நீயெல்லாம் மனுசனா?"

"மெதுவா பேசு, அம்மா கீறாங்க."

"கேக்கட்டும். எம்புள்ள எம்புள்ளன்னு தெரு பூரா சொல்லிக்கினு வந்தாங்க இல்ல, அவங்களும் கேக்கட்டும்."

பிலோமி கை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்ட்ரூ எழுந்தான். இப்போது அவனுக்கும் கோபம் வந்திருந்தது. பொய் பிடிபட்டவனுக்கு வரும் கோபம்.

"போன வருசம் திருவிழா வீடியோ ஒண்ணு சுத்திச்சே, பாத்த இல்ல? கீழ எழுதினவனெல்லாம் இன்னா எழுதினான்? யாரு அந்த பேஸு அக்கா, பேஸு அக்கா மெர்சல் பண்ணிட்டாங்க. என் லீடுன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் எழுதினானா? அந்த லீடுக்கு நான் எப்டி ஒக்காந்து வாசிச்சேன்னு உனுக்குத் தெரியாது? உன் சத்தத்துக்கு அடியில போயி பூட்ச்சி. எவனுக்கும் கேக்கல."

அவளுக்குத் தெரியும். அவன் வாசிக்க வாசிக்க, சாம்பார் கரண்டியால் சமையல் மேடையில் தட்டித் தாளம் பிடித்துக் கொடுத்தவளே அவள்தான். அந்த வீடியோவை அவன் ஆபீஸ் முழுக்கக் காட்டி, என் பெண்டாட்டி என் பெண்டாட்டி என்று சொன்னபோது பூரித்துப்போனவளும் அவள்தான். உள்ளுக்குள் இவன் இப்படிப் புழுங்கிக்கொண்டிருந்தானா?

"என்னாண்ட வந்து சொன்னியா? ஜானு, என் லீடு கேக்க மாட்டேங்குது, கொஞ்சம் கொறச்சிக்கோன்னு ஒரு தபா கேட்டியா?"

"கேட்டா கொறச்சிருப்பியா?"

"கொறச்சிருப்பேன்யா."

அது நிஜம். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நிஜமென்று அவளுக்கே உறைத்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் குமிழைத் திருப்பிவிட்டுப் போயிருப்பாள். பழைய பேஸ் இருந்திருக்கும், கம்பி இருந்திருக்கும், இவன் மேல் வைத்திருந்த மரியாதையும் இருந்திருக்கும். அந்த நினைப்புத்தான் அவளை அதிகமாக எரித்தது. கேட்கக் கூச்சப்பட்டு, இத்தனை பொய்யையும் துணிச்சலாகச் செய்திருக்கிறான்.

"வுடுமே, ஆம்பள மனசு" என்றாள் பிலோமி வாசலிலிருந்து. குரலில் பழைய பெருமை இல்லை.

"நீங்க இதுல வராதீங்க அத்த."

அதன் பிறகு திருவிழா முடியும் மட்டும் அந்த வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை. ஒத்திகைக்கு ஜானட் போனாள். வாசித்தாள். யேசுதாஸ் முகம் மலர்ந்தது; ஆண்ட்ரூ முகம் சுருங்கியது. பேண்டை விட்டுவிடலாமா என்று அவள் யோசிக்காமலில்லை. நான் ஏன் விட வேண்டும் என்று அடுத்த நொடியே ரத்தம் கொதித்தது.

கடைசி நாள் தேர் நிலைக்கு வந்ததும் கோயில் வளாகத்தில் கச்சேரி. சனம் நெருக்கியடித்து நின்றது. பாய் போட்டு உட்கார்ந்தவர்கள், பஜ்ஜிக் கடையை விட்டு நகராதவர்கள், மதில் மேல் ஏறிய பையன்கள். ஆண்ட்ரூ மெட்டுப் போட்ட மாதா பாட்டுத்தான் கடைசி உருப்படி. அதன் நடுவில்தான் அவன் லீடு. அந்த இடத்தில் டிரம்ஸ் நின்றுவிடும், பாடுகிறவர்களும் நிறுத்திவிடுவார்கள், அடியில் ஜானட்டின் பேஸ் மட்டும் ஓடும். லீடு முடிகிறபோது அவள் அடிக்கம்பியிலிருந்து மேலே ஓடி வருவாள். அதைக் கேட்டுத்தான் யேசுதாஸ் திரும்ப அடியை எடுப்பான். எல்லாம் ஆண்ட்ரூவே பார்த்துப் பார்த்து அமைத்தது.

ஸ்டேஜ் படியில் கால் வைக்கும்போது அவன் அவள் முழங்கையைத் தொட்டான். நாள்கணக்கில் பேசாத வாய் தயங்கித் தயங்கித் திறந்தது.

"ஜானு, லீடு வரசொல்ல மட்டும் கொஞ்சம் அடக்கி வாசி. இந்த ஒரு தபா. எனுக்காக."

இப்போது கேட்கிறான்! எல்லாம் வெட்டி, பூசி, பொய் சொல்லி, பிடிபட்ட பிறகு கேட்கிறான். ஜானட் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணத்தில் அவள் ஒன்றையும் அடக்கவில்லை. மதில் மேலிருந்த பையன்கள் அவள் கம்பிக்குத் தலையாட்டினார்கள். பாய்களில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்கள் தாமாகவே அசைந்தன. பிறகு லீடு வரும் இடம் வந்தது. யேசுதாஸ் குச்சிகளைத் தொடைமேல் வைத்தான். ஆண்ட்ரூ ஒரு பெடலை மிதித்து முன்னால் வந்து கண்களை மூடினான்.

ஜானட் உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் படுக்க வைத்து அழுத்திக்கொண்டாள்.

முதலில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. லீடு நன்றாகத்தான் கிளம்பியது. நாலு அடி போனதும் அது தாளத்தை மீறி ஓடத் தொடங்கியது. பிடித்து நிறுத்தக் கீழே ஆளில்லை. அவன் விரல் அவசரப்பட்டது, ஒரு சுரம் வழுக்கியது, அதை மறைக்க இன்னும் வேகமாகப் போனான். அவளுடைய விரல்கள் உள்ளே போகத் துடித்தன. இத்தனை வருஷப் பழக்கம், விழுகிறவனைத் தாங்கிப் பழகிய விரல்கள். அந்தத் துடிப்பின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. கையை இன்னும் அழுத்தினாள்.

"இன்னா தலீவா, கரண்டு பூட்ச்சா?" என்று பஜ்ஜிக் கடைப் பக்கமிருந்து ஒரு குரல். மதில் மேல் சிரிப்பு.

ஆண்ட்ரூ கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். கை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. ஒரு ஸ்பீக்கரில் எதிரொலிப் பெடல் கடைசி சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்ந்தது. யேசுதாஸ் எப்போது நுழைவதென்று தெரியாமல் குச்சியைத் தூக்கியபடி ஜானட்டையே பார்த்தான்.

"இன்னாமே பண்ற?" என்றான் ஆண்ட்ரூ பல்லைக் கடித்துக்கொண்டு. "அடக்கி வாசின்னா இப்டியா?"

"நீ கேட்ட, நான் கொறச்சிட்டேன்" என்றாள் ஜானட். "இப்ப உன் லீடு எல்லாருக்கும் கேட்டுச்சி. வோணும்னா இன்னொரு தபா வாசி, நான் குறுக்க வரல."

அவன் வாசிக்கவில்லை. கூட்டம் முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.